மனுதாரர் செந்தாமரை

வயிரவனூரணிக் கிழக்குத் தெருவில் செந்தாமரையை அறியாதவர் இல்லை. இரவிக்கை தைப்பதில் கைதேர்ந்தவள். பத்தாம் வகுப்புவரை படித்தவளாதலாலும் கையெழுத்து முத்துக் கோத்தாற்போல் இருக்குமாதலாலும், மனு எழுதுவதற்கும் தெருப்பெண்கள் அவளையே நாடுவார்கள். தெருவிளக்கு எரியாவிட்டாலும், முதியோர் உதவித்தொகை நின்றுபோனாலும், கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் கழற்றாமலேயே அவள் எழுதித் தந்துவிடுவாள். தையல் இயந்திரத்தைத் தெருவைப் பார்த்த சன்னலருகே போட்டிருந்தாள். வெளிச்சத்திற்காக என்பாள். அது முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்தச் சன்னலிலிருந்து பார்த்தால், பேரூராட்சித் தண்ணீர் லாரி நிற்கும் தெருமுனையும், அதன் ஓட்டுநராகிய தன் கணவன் மலையாண்டி யாரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறான் என்பதும் தெளிவாகத் தெரியும். மணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆன பின்னும், அவன் பிறரிடம் பேசும் நேரத்தைத் தன்னிடம் பேசும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

அன்று வியாழக்கிழமை. மலையாண்டி பகலுணவுக்கு வந்து கைகழுவி உட்கார்ந்தான். செந்தாமரை சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றவில்லை. கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னைக்கு மொதக் கொடம் யாருக்குப் பிடிச்சீக?"

"தெருவுக்குத்தேன் பிடிச்சேன். கொழம்ப ஊத்து."

"தெருக் கொடமெல்லாம் வரிசையில நிக்கிது. வரிசையில நிக்காத மஞ்சக் கொடம் ஒண்ணு இருக்குல்ல? அது நெறஞ்ச பெறகுதேன் எங்களுக்கெல்லாம் கொழாய் திரும்புதாம். பொன்னுத்தாயக்கா சொல்லித்தேன் எனக்குத் தெரியணுமா? எனக்கும் கண்ணு இருக்கு."

"ஒரு கொடந்தான தாமரை."

"ஒரு கொடம்னா கடைசியாப் பிடிக்கிறது."

மலையாண்டி தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டான். மோரை ஊற்றிக் கரைத்து உண்டுவிட்டு எழுந்தான். கூறத்தக்க மறுமொழி ஒன்று அவனிடம் இருந்தது; அதை அவன் விழுங்கினான். செந்தாமரையோ, விழுங்கியது குற்றத்தை என்று எண்ணிக்கொண்டாள்.

மஞ்சள் குடத்துக்கு உடையவள் பெயர் அக்கம்மாள். வயது முப்பத்தெட்டு இருக்கும். தெருமுனையில், கல்லல் செல்லும் நகரப் பேருந்து நாளுக்கு நான்கு முறை நின்று போகும் நிழற்குடையில் அவள் தங்கியிருந்தாள். அதற்கு நேர் எதிரே, இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவுமாக நீண்டு கிடந்தது ஒரு பெரிய வீடு. நாற்பதுக்கும் மேற்பட்ட பங்காளிகளுக்குப் பொதுவானது. முன்னோர்க்குப் படைப்பு நடக்கும்போதும், எவரேனும் ஒருவர் வீட்டுத் திருமணத்தின்போதும் அது திறக்கப்படும். மறுநாள் மீண்டும் பூட்டப்படும். ஊரில் அவ்வாறு பூட்டிக் கிடந்த வீடுகள் பல.

அக்கம்மாளும் முன்பு அத்தகைய வீடொன்றில் இருந்தவளே. அவள் கணவன் வீரணன் அங்குக் காவலிருந்தான். பின்கட்டில் ஓர் அறை. பதினோரு ஆண்டு வாழ்வு. வீரணன் இறந்த மறு ஆண்டில், எதிலும் ஒன்றுபடாத அவ்வீட்டுப் பங்காளிகள் ஒரு காரியத்தில் ஒன்றுபட்டார்கள். தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் விற்றார்கள். வீடு லாரிகளில் ஏறிப் போயிற்று; அக்கம்மாள் தெருவில் நின்றாள். சமையற்காரர்களோடு திருமண வீடுகளுக்குச் சென்று அண்டா விளக்கிப் பிழைத்தாள். ஒருவரிடமும் கையேந்தியதில்லை. வாடகைக்கு வீடு கேட்டபோது, ஆண் துணை உண்டா, ஆதார் அட்டையில் என்ன முகவரி என்று கேட்டுத் திருப்பியனுப்பினார்கள். அவள் இன்ன சாதியினள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வீடில்லாதவள் என்பதே போதுமான சாதியாக இருந்தது.

வீடும் கணவனும் தொழிலும் உடைய ஒருத்தி அவளைக் கண்டு பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். செந்தாமரை பட்டாள். அக்கம்மாள் கூந்தலை விரித்துக் காயவைத்தபடி நிழற்குடையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பட்டாள். விடிந்தால் தெளிப்பதற்கு வாசலும், துலக்குவதற்குப் பாத்திரமும், கோபித்துக்கொள்ள ஒரு மாமியாரும் இல்லாததைக் கண்டு பட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, லாரிக் குழாயை மலையாண்டி உயரத் தூக்கிப் பிடிக்க, நீர் மேலிருந்து விழுந்து முகத்தில் தெறிக்க, அந்த மஞ்சள் குடத்தைப் பிடித்தபடி அவள் வாய்விட்டுச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பைக் கண்டு பட்டாள். தன் குடத்துக்கு அவன் அப்படி விளையாட்டுக் காட்டியதே இல்லை.

அன்று பிற்பகலே அவள் மனு எழுத உட்கார்ந்தாள். நிழற்குடையில் ஒருத்தி தங்கியிருக்கிறாள் என்று தொடங்கி எழுதி, அதை வார்டு உறுப்பினர் வீரபாண்டியனிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கியிருக்கான்னு எழுதுனா ஒண்ணும் நடக்காது தாயி. பிச்சை எடுத்துத் தொந்தரவு பண்றான்னு எழுது. அதுக்குத்தேன் சட்டம் இருக்கு."

செந்தாமரை ஒரு கணம் தயங்கினாள். பிறகு, 'மேற்படி பெண் பொதுமக்களிடம் பிச்சையெடுத்தும் வழிமறித்தும் இடையூறு செய்து வருகிறார்' என்று அழகிய கையெழுத்தில் எழுதினாள். தெருப்பெண்கள் முப்பத்தொருவர் கையொப்பமிட்டனர். அவர்களுள் மனுவைப் படித்தவர் ஒருவரும் இலர். செந்தாமரை எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அடுத்த மாதம் பெரிய வீடுகளைப் பார்க்க வெளிநாட்டார் வரும் விழா ஒன்று நடப்பதாக இருந்தது. தெருக்கள் பார்வைக்கு நன்றாக இருக்கவேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த செயல் அலுவலர், மனுவை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை காவலர் இருவரும், தேவிகா என்னும் பெண் ஏட்டும் வந்தனர். அக்கம்மாளைப் பிடித்தாகிவிட்டது, ஏற்றிச் செல்ல வண்டியில்லை. காவல் நிலைய வண்டி வேறு பணிக்குப் போயிருந்தது. எனவே பேரூராட்சி ஜீப்பு வரவழைக்கப்பட்டது. பேரூராட்சிக்கு வண்டிகள் இரண்டு, ஓட்டுநரோ ஒருவனே. தண்ணீர் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு மலையாண்டி ஜீப்பில் ஏறினான். அக்கம்மாள் மஞ்சள் குடத்தோடு பின்னால் ஏறினாள்.

சன்னலில் நின்ற செந்தாமரையின் கையில் இருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

அன்று ஜீப்பு முதலில் காவல் நிலையத்துக்கும், உடல்நலச் சான்று பெற மருத்துவமனைக்கும், பிறகு காரைக்குடிக்கும், அங்கிருந்து மதுரைக்கு அப்பால் உள்ள ஒரு காப்பகத்துக்கும் போயிற்று. பெண்களுக்கு இடமில்லை என்று காப்பகத்தார் கதவருகிலேயே சொல்லிவிட்டனர். பிடிப்பதற்குச் சட்டம் இருந்தது. வைப்பதற்கு இடம் இருக்கவில்லை. பொழுது சாயும் வேளையில் ஜீப்பு திரும்பி வந்து நிழற்குடையருகே நின்றது. அக்கம்மாள் இறங்கிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் பழைய இடத்துக்குப் போனாள். நான்கு அரசு ஊழியர்களின் ஒரு நாள் அவ்வாறு முடிந்தது. கிழக்குத் தெருவுக்கு அன்று தண்ணீர் வரவில்லை.

இது அத்தோடு நிற்கவில்லை. மனு கோப்பில் இருக்கும்வரை நடவடிக்கை எடுத்தாகவேண்டும். நடவடிக்கை எடுக்குந்தோறும் மலையாண்டி ஜீப்பை எடுத்தாகவேண்டும். ஒரு முறை திருப்பத்தூர் சாலையில் இறக்கிவிட்டு வந்தார்கள். கீழச்சிவல்பட்டி வழியாக நடந்தே மூன்றாம் நாள் திரும்பிவிட்டாள். அவள் படுக்கக் கூடாதென்று நிழற்குடை இருக்கையின்மேல் இரும்புக் கம்பிகளைக் குறுக்கே பற்றவைத்தார்கள். அக்கம்மாள் தரையில் படுத்தாள். எட்டு மாதக் கருவோடு மருத்துவமனைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்த அடுத்த வீட்டுச் சத்தியப்பிரியாவுக்குத்தான் உட்கார இடமில்லாமற்போயிற்று. அக்கம்மாள் குளிக்கிறாள் என்று பொதுக் கழிப்பறையைப் பூட்டினார்கள். வாரச்சந்தைக்குக் காய் கொண்டுவரும் பெண்கள் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகினார்கள். கொசு மருந்து அடிக்கும் தொழிலாளர் இருவரும் நிழற்குடைக்குக் காவல் போடப்பட்டனர். பத்து நாளில் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார். லாரி வாரத்துக்கு இருமுறை வந்தால் பெரிது.

வெறுங்குடத்தோடு நின்ற பொன்னுத்தாயி ஒருநாள் சன்னலை எட்டிப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னாள்.

"ஊருல ஒவ்வொருத்தி புருசனைப் பக்கத்துல வச்சுக்க மனுப் போடுவா. நீ ஒருத்திதேன்டி அவரை அவகூட ஜீப்புல ஏத்திவிட மனுப் போட்டிருக்க."

செந்தாமரை தையல் இயந்திரத்தை வேகமாக மிதித்தாள். ஊசிக்கடியில் துணியே இல்லை.

அவள் பொறாமைக்கு முன்பு ஒரு குடம் தண்ணீர் அளவே இடமிருந்தது. இப்பொழுதோ காரைக்குடிச் சாலையும் மதுரைச் சாலையும் அதற்குத் திறந்துவிடப்பட்டன. வழியில் எங்கே நிறுத்துவார்கள், என்ன உண்பார்கள், யார் என்ன பேசுவார்கள் என்று நாள் முழுதும் எண்ணினாள். ஒரு மாலை கத்தரிக்காய்க் கூட்டைப் பரிமாறியபோது, மலையாண்டி சூதில்லாமல் வாய் திறந்தான்.

"அந்தப் பிள்ளைக்குக் கத்தரிக்கா சேராதாம். தின்னா மேலெல்லாம் தடிச்சுப் போகுதாம்."

செந்தாமரை அன்று உண்ணவில்லை. தனக்குக் கருவாடு சேராது என்பதைக் கணவன் தெரிந்துகொள்ள ஆறு ஆண்டுகள் ஆயின என்பது அவள் நினைவுக்கு வந்தது.

ஐந்தாவது வாரத்தில் தேவிகா வீட்டுக்கே வந்தாள். காப்பகத்தில் ஓர் இடம் காலியாகியிருப்பதாகவும், இம்முறை முறைப்படி வழக்கு நடத்தப் போவதாகவும் சொன்னாள். மனுதாரர் நேரில் வந்து, மனுவில் கண்டவை உண்மை என்று வாக்குமூலம் தரவேண்டும். தந்துவிட்டால் அக்கம்மாள் ஓராண்டுக்குக் குறையாமல் உள்ளே இருப்பாள். பிறகு ஜீப்பும் இல்லை, அலைச்சலும் இல்லை.

"நீ ஒத்த வார்த்தை சொன்னாப் போதும்மா. எங்களுக்கும் விடிவுகாலம்" என்றாள் தேவிகா.

செந்தாமரைக்கு அந்த நாள் எப்பொழுது வரும் என்றிருந்தது.

வந்தது. செந்தாமரை ஜீப்பின் முன்னிருக்கையில், கணவன் அருகில், பட்டுக் கரையிட்ட சேலையோடு உட்கார்ந்தாள். பின்னால் தேவிகாவும் அக்கம்மாளும் இருந்தனர். ஊர் எல்லையைத் தாண்டியதும், ஓட்டுநருக்கு மேலிருந்த கண்ணாடியில் அக்கம்மாளின் முகம் தெரிவதைக் கவனித்தாள். கையை நீட்டிக் கண்ணாடியைத் தன்பக்கம் திருப்பினாள். மலையாண்டி அதைப் பழையபடி வைத்தான். அவள் மீண்டும் திருப்பினாள்.

"பின்னால லாரி வாரது தெரியணும் தாமரை" என்றான் அவன். தேவிகா சிரிப்பை அடக்கக் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

காரைக்குடி நீதிமன்ற வளாகத்தில் தேவிகா தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மலையாண்டி வண்டியை நிழலில் விடச் சென்றான். வேப்ப மரத்தடிச் சிமெண்டுப் பலகையில் இரு பெண்களும் தனித்திருந்தார்கள். இடையில் மஞ்சள் குடம் இருந்தது. அதைத் தெருவில் விட்டுவந்தால் குப்பை வண்டியில் போட்டுவிடுவார்கள் என்று அக்கம்மாள் எங்கும் சுமந்து திரிந்தாள்.

செந்தாமரை குடத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு ஒனக்கு மட்டும் ஏன் மொதக் கொடம் பிடிக்கிறாரு?"

அக்கம்மாள் வியப்போடு திரும்பினாள்.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கா? நான் வந்த புதுசுல வரிசையிலதேன் வச்சேன். ஒங்க கொடத்துக்கு அடுத்தாப்புல. நீங்க ஒங்க கொடத்தை எடுத்துக் கழுவிட்டு, எங்கொடத்தைக் காலால ஒதுக்கி விட்டீக. உருண்டு சாக்கடைக்கிட்டப் போயிருச்சு. அதப் பாத்துத்தேன் டிரைவரு, எல்லாரும் வாரதுக்கு முந்திப் பிடிச்சுக்கிட்டுப் போயிரு, வரிசையில வச்சா ஒதைபடும்னாரு."

"கடைசியாப் பிடிக்கிறது."

"கடைசியில தண்ணி ஏதுக்கா? மிஞ்சுனாலும் ரெண்டாங் கொடம் நீட்ட ஆளிருக்கு. எங்கொடத்துல கொழாய் பட்டாத் தெருவுல சண்டை வரும்னுதேன் ஒசக்கப் பிடிப்பாரு. பாதித் தண்ணி மூஞ்சியில அடிக்கும். சிரிச்சு வைப்பேன். இல்லாட்டி அழுகணும், காலங்காத்தால என்னத்துக்குன்னு."

செந்தாமரைக்கு முதலில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பொய் சொல்கிறாள் என்றே எண்ணினாள். பிறகு மெல்ல வந்தது. மடியில் ஒட்டிய நூலைத் தட்டிவிடுவதுபோல ஒரு காலையில் காலால் எதையோ தள்ளியது வந்தது. இதுவரை நினைவில் இல்லாமற்போனது மறதியினால் அன்று. நினைவில் வைக்கத்தக்க ஒரு செயலாக அது அவளுக்கு அன்று தோன்றவில்லை. தெருவில் எவளுக்குத்தான் தோன்றியிருக்கும்? தான் இத்தனை நாளும் சலுகை என்று எண்ணி எரிந்தது, தான் செய்த இழிவுக்குப் போடப்பட்ட கட்டு என்று இப்பொழுது தெரிந்தது.

"இத அவரு எங்கிட்டச் சொல்லல" என்றாள்.

"சொன்னா ஒங்களுக்கு அசிங்கமாயிருக்கும்னாருக்கா."

அவமானத்தோடு அவமானமாகப் பொறாமையும் மீண்டும் தலைதூக்கியது. தன்னைப் பற்றிய இரகசியம் ஒன்றை அவர்கள் இருவரும் பகிர்ந்து வைத்திருந்திருக்கிறார்கள். அதுவும் தன்மேல் இரக்கப்பட்டு.

உள்ளே அழைத்தார்கள். அரசுத் தரப்பு அலுவலர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மனுவை அவள்முன் விரித்தார். கையெழுத்து அழகாயிருப்பதாகப் பாராட்டினார். இதில் உள்ளவை உண்மைதானே என்று, விடையை எதிர்பார்க்காதவர் போலப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டே கேட்டார்.

அறையின் சன்னல் வழியே வேப்பமரம் தெரிந்தது. மலையாண்டி ஒரு பன் ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து அக்கம்மாளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு என்னவோ சொன்னாள். அவன் சிரித்தான். செந்தாமரையின் நெஞ்சில் அது கூர்மையாகப் பாய்ந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். ஓராண்டுக்கு அந்தச் சிரிப்பு இருக்காது. வீட்டில் அவன் உண்ணும் சோறும் பேசும் பேச்சும் தனக்கே உரியதாகிவிடும். உண்மை என்று சொல்லவே அவள் வாயெடுத்தாள். ஆனால் தாளில் இருந்த தன் கையெழுத்தைப் படித்தபோது, வழிமறித்தும் என்று எழுதியிருந்த இடத்தில், சாக்கடையருகே உருண்டு கிடந்த குடம் அவளை வழிமறித்தது.

"கையெழுத்து என்னோடதுதேன் சார். எழுதுனது பொய். அவ பிச்சை எடுத்து நான் பாத்ததில்ல. யாரையும் மறிச்சதுமில்ல."

அலுவலர் பேனாவை மூடினார். பொய்ப் புகார் என்றால் நடவடிக்கை வரக்கூடும் என்றும், முப்பத்தொருவர் கையொப்பமிட்டிருக்கிறார்களே என்றும் எச்சரித்தார்.

"அவுக படிக்காமப் போட்டாக. வாரது எம்பேர்ல வரட்டும்."

கதவருகில் நின்ற தேவிகா தலையில் கைவைத்தாள். அந்த அம்மாள்மேல் அவ்வளவு இரக்கமா என்று அலுவலர் சற்று ஏளனமாகவே கேட்டார்.

"இரக்கமெல்லாம் இல்ல சார். அவளை எனக்குப் பிடிக்காது. இன்னைக்கும் பிடிக்கல."

அவர் மனுவை மடித்து வைத்தார். பிறகு, தன் சங்கடத்தை வெளிப்படையாகவே சொன்னார். வழக்கை முடித்தாலும், இருப்பிடம் என்று எழுத ஒரு முகவரி இல்லாமல் ஒரு பெண்ணை வெளியே விட்டால், நாளைக்கே இன்னொருவர் மனுக் கொடுப்பார். மறுபடியும் ஜீப்பு, மறுபடியும் மருத்துவமனை, மறுபடியும் இதே அறை. தமக்கு வேறு வேலையே ஓடவில்லை என்றார்.

செந்தாமரை வெளியே ஒரு முறை பார்த்தாள். அந்த ஜீப்பில் இன்னும் எத்தனை நாள் அவர்கள் இருவரும் போய்வருவார்கள் என்று எண்ணினாள். தன் கண்ணெதிரே இருக்கும் ஒருத்தியைப் பற்றிக் கற்பனை செய்ய வேண்டியதில்லை என்றும் எண்ணினாள். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் பின்னால் வேறொன்றும் இருந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை.

"எங்க வீட்டு முகவரியைப் போட்டுக்குங்க சார். கெழக்குத் தெரு, கதவு எண் பதினேழு. துணி போட்டு வச்சிருக்க ரூமைக் காலி பண்ணித் தாரேன்" என்றாள்.

அலுவலர் எழுதத் தொடங்கினார். எத்தனை நாளைக்கு என்று குறிப்பிடட்டும் எனக் கேட்டார்.

செந்தாமரை சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"வேற எடம் கெடைக்கிற வரைக்கும்னு எழுதுங்க. எனக்குப் பிடிக்கிற வரைக்கும்னு எழுதிராதீக."